தேவையை எந்த வடிவத்தில் எழுதுவது? வன்னியின் சிறு மென்பொருள் குழுக்களுக்கு ஓர் ஒப்பீடு

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகமும் வன்னியில்தான். இரண்டிலும் படித்து வெளியேறுவோரில் சிலர் கொழும்புக்குப் போகாமல் இங்கேயே நாலைந்து பேராகச் சேர்ந்து மென்பொருள் செய்கிறார்கள். வேலை கொடுப்பவர் ஒரு கூட்டுறவுச் சங்கமாக இருக்கலாம், கொழும்பிலுள்ள கொம்பனியாக இருக்கலாம், ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினராகவும் இருக்கலாம். அந்த நாலைந்து பேரில் ஒருவர் தலையில் புரொடக்ட் மனேஜர் பொறுப்பு வந்து சேரும். எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று எழுதிக் கொடுப்பது அவருடைய வேலை. அப்படி எழுதுவதைத்தான் இங்கே தேவை என்கிறோம்.

எழுத உட்கார்ந்தவுடன் பலர் செய்வது ஒரு வார்ப்புருவைத் தரவிறக்கி அதன் கட்டங்களை நிரப்புவதுதான். இதில் ஒரு சிக்கல் உண்டு. முழுத் தேவை ஆவணம், யூசர் ஸ்டோரி (பயனரின் விருப்பத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லும் அட்டை), விதி அட்டவணை, அறிவிப்பும் கேள்வி பதிலும், குறுமுன்மொழிவு, மாதிரித் திரை என்று ஒவ்வொரு வடிவமும் ஒரு குறிப்பிட்ட சூழலில் ஒரு குறிப்பிட்ட குறையைத் தீர்க்கப் பிறந்தது. நம்முடைய குறை வேறாக இருந்தால் கட்டங்கள் நிரம்பும், வேலை பிழையாகும். ஆகவே வடிவத்தைத் தெரிவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இந்தப் பேச்சில் யார் பக்கத்தில் இல்லை? பயன்படுத்தப் போகிறவரா, நிரல் எழுதுபவரா, காசு கொடுப்பவரா, ஆறு மாதம் கழித்துக் குழுவில் சேரப் போகிறவரா? பக்கத்தில் இல்லாத ஆளுக்குத்தான் எழுத்து வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு கதைத்தாலே போதும்.

வடிவங்களை வெறுமனே ஒப்பிட்டால் எல்லாமே நல்லதாகத் தெரியும். அதனால் ஒரே வேலையை எல்லாவற்றிலும் வைத்துப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டு: நெல் வெட்டும் மெசின் பதிவு

காலபோக நெல் தை கடைசியிலும் மாசியிலும் விளைந்து நிற்கும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய குளங்களின் கீழும், மானாவாரி வயல்களிலும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அறுவடை வரும். மெசின்களோ குறைவு. வெளிமாவட்டங்களிலிருந்தும் வரும். யாருக்கு எந்த நாள் என்பது தொலைபேசியிலும் வாய்ப்பேச்சிலும் தீர்மானமாகிறது. இதற்கு ஒரு பதிவுச் செயலி வேண்டும் என்று ஒரு கமக்காரர் அமைப்பு கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

கேட்க ஒரு வரிதான். உள்ளே எத்தனை விதிகள் இருக்கின்றன என்று பாருங்கள். கூலி ஏக்கர் கணக்கு. பயிர் சாய்ந்திருந்தால் மெசின் மெதுவாகத்தான் போகும், கூலியும் மாறும். வயலில் சேறு இருந்தால் ரயரில் ஓடும் மெசின் புதையும், சங்கிலிப் பட்டையில் ஓடுவதுதான் இறங்கும். மழை பெய்தால் அன்றைய வரிசை முழுவதும் தள்ளிப்போகும். காணி ஒருவர் பெயரில் இருக்கும், குத்தகைக்குச் செய்பவர் வேறொருவர், ஃபோன் அவருடைய மகனின் கையில். சிறுபோகத்தில் குளத்து நீரைப் பார்த்து எவ்வளவு ஏக்கர் விதைப்பது என்று கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். அதனால் காலபோகத்தில் பதிந்த வயல் பட்டியலை அப்படியே சிறுபோகத்துக்குக் கொண்டுபோக முடியாது. இந்த விதிகளில் எவை எந்த வடிவத்தில் பிடிபடுகின்றன, எவை நழுவுகின்றன என்பதுதான் இங்கே அளவுகோல்.

முழுத் தேவை ஆவணம்

இதுதான் பழைய வடிவம். அமெரிக்காவின் ஐ.ஈ.ஈ.ஈ. என்ற பொறியாளர் அமைப்பு 830 என்ற எண்ணில் இதற்கு ஒரு வழிகாட்டி வைத்திருந்தது, அதன் கடைசிப் பதிப்பு 1998. இப்போது அதன் இடத்தில் ஐ.எஸ்.ஓ. 29148 என்ற சர்வதேசத் தரம் உள்ளது, 2018இல் திருத்தப்பட்டது. ஒரு தேவை அவசியமானதாக, ஒரே பொருள் தருவதாக, ஒரே விடயத்தைச் சொல்வதாக, செய்யக்கூடியதாக, சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அந்தத் தரம் கேட்கிறது. வடிவம் எதுவானாலும் இந்த ஐந்தையும் வைத்துக்கொள்ளலாம்.

சரிபார்க்கக்கூடியது என்பதில்தான் அதிகம் சறுக்குகிறோம். 'செயலி வேகமாக இயங்க வேண்டும்' என்பதை யாரும் சோதிக்க முடியாது. '2 ஜிபி நினைவகம் உள்ள அன்ட்ராய்ட் ஃபோனில், இணைப்பு நொடிக்கு 300 கிலோபிட்டாக இருக்கும்போது, பதிவுத் திரை 4 விநாடிக்குள் திறக்க வேண்டும்' என்பதைச் சோதிக்கலாம். அந்த 300, 4 என்ற எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று டெவலப்பர் கேட்பார், கேட்க வேண்டும். வயல்வெளியில் நின்று இணைப்பை அளந்து எடுத்த எண்ணாக அது இருந்தால் விவாதம் அங்கேயே முடியும். அலுவலக வைஃபையில் இருந்துகொண்டு எழுதிய எண் மாசியில் பொய்த்துவிடும்.

இந்த வடிவத்தின் பலம் ஒப்பந்தம். கேள்விப்பத்திரம் போட்டு எடுக்கிற வேலை, நிலையான விலைக்கு ஒப்புக்கொண்ட வேலை, காசு கைமாறும் பகுதி, வேலை கொடுப்பவர் வேறு நாட்டில் இருக்கிற நிலை ஆகிய நான்கிலும் இது இல்லாமல் இறங்கக்கூடாது. ஒவ்வொரு தேவைக்கும் ஓர் எண் கொடுங்கள்: தே-1, தே-2. நீக்கிய தேவையின் எண்ணை மறுபடி பாவிக்காதீர்கள். தே-14 நீக்கப்பட்டால் அது 'நீக்கப்பட்டது' என்ற குறிப்போடு அங்கேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் பழைய மெசேஜில் தே-14 என்று இருப்பது எதைக் குறிக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாமல் போகும்.

கெடுவது எங்கே? நீளத்தில். நாற்பது பக்கம் எழுதினால் வேலை கொடுத்தவர் முதல் மூன்று பக்கத்தையும் விலையையும்தான் படிப்பார், டெவலப்பர் தன் பகுதியை மட்டும் படிப்பார். விதி 31ஆம் பக்கத்தில் இருக்கும், அதற்கு முரணான திரை 12ஆம் பக்கத்தில் இருக்கும், இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். இன்னொரு கேடு, தேவை என்ற பெயரில் தீர்வை எழுதிவிடுவது. 'மாவட்டம், பிரதேச செயலகம், கிராம அலுவலர் பிரிவு என மூன்று கீழிறங்கு பட்டியல்கள் வேண்டும்' என்று எழுதியவுடன், வயல் எங்கே இருக்கிறது என்று மெசின் ஓட்டுபவருக்குத் தெரிய வேண்டும் என்ற உண்மைத் தேவை மறைந்துபோகிறது. ஓட்டுபவருக்கு எந்த வாய்க்காலால் இறங்குவது என்பதே தெரிய வேண்டும். கிராம அலுவலர் பிரிவு அவருக்கு உதவாது.

யூசர் ஸ்டோரி

1990களின் கடைசியில் அமெரிக்க மென்பொருள் பொறியாளர் கென்ட் பெக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் ஆக்க முறையில் இதைக் கொண்டுவந்தார்கள். 'இன்னாராக, இதைச் செய்ய விரும்புகிறேன், இதற்காக' என்ற மூன்று பகுதி வாக்கியம் பின்னர் இங்கிலாந்தில் ஒரு குழுவில் தோன்றியது. எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கை உருவாக்கியவர்களில் ஒருவரான ரொன் ஜெஃப்ரீஸ் 2001இல் சொன்னது இன்றும் பொருந்தும்: ஸ்டோரிக்கு மூன்று பாகம், அட்டை, அட்டையை வைத்து நடக்கும் பேச்சு, பேசியதை உறுதிசெய்யும் சோதனை. அட்டையில் எழுதிய வாக்கியம் பேச்சுக்கான நினைவூட்டல் மட்டுமே.

ஒரே அறையில் இருக்கும் குழுவுக்கு இது அருமையான வடிவம். ஆனால் நம் குழுக்களில் ஒருவர் பரந்தனில், ஒருவர் மல்லாவியில், இன்னொருவர் இரவில் வெளிநாட்டு வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். அட்டை ட்ரெல்லோ, ஜிரா என்ற வேலைப்பட்டியல் செயலிகளில் ஒன்றில் இருக்கும், பேச்சு நடந்திருக்காது. 'கமக்காரராக, மெசினைப் பதிவு செய்ய விரும்புகிறேன், நேரத்துக்கு அறுவடை செய்வதற்காக' என்ற வாக்கியத்தை மட்டும் வைத்து ஒருவர் ஐந்து நாள் நிரல் எழுதிவிடுவார். அதில் சாய்ந்த பயிர் இல்லை, சேறு இல்லை, குத்தகைக்காரர் இல்லை.

'கமக்காரராக' என்ற முதற் சொல்லிலேயே தவறு தொடங்குகிறது. இங்கே குறைந்தது ஐந்து ஆட்கள் இருக்கிறார்கள்: காணிச் சொந்தக்காரர், குத்தகைக்குச் செய்பவர், ஃபோனை வைத்திருப்பவர், மெசின் உரிமையாளர், மெசின் ஓட்டுபவர். ஸ்டோரி எழுதும்போது ஆளை இவ்வளவு குறுக்கிச் சொன்னால்தான் அது பயன்படும். 'மெசின் ஓட்டுபவராக, இன்று இறங்க வேண்டிய வயல்களை இணைப்பு இல்லாமலும் வரிசையாகப் பார்க்க விரும்புகிறேன், ஒரு வயல் முடிந்ததும் அடுத்ததற்குக் கேட்காமல் போவதற்காக.' இதில் இணைப்பு இல்லாத நிலை உள்ளே வந்துவிட்டது, வரிசை வந்துவிட்டது, எப்போது வேலை முடிந்தது என்று சொல்லவும் முடிகிறது.

பெரிய ஸ்டோரியைப் பிரிக்கும்போது தரவுத்தளம் ஒன்று, திரை ஒன்று என்று பிரிப்பது வழக்கமான பிழை. அப்படிப் பிரித்தால் இரண்டும் முடியும்வரை யாரிடமும் காட்ட ஒன்றும் இருக்காது. விதியை வைத்துப் பிரியுங்கள்: முதலில் ஒரு மெசின், ஒரு வயல், மழை இல்லாத நாள். அடுத்தது காத்திருப்புப் பட்டியல். அதற்கடுத்து மழையால் தள்ளுவது. ஒவ்வொன்றையும் தனியாகக் கமக்காரர் கையில் கொடுத்துப் பார்க்கலாம்.

ஸ்டோரிகளில் முற்றாக நழுவுவது, எந்த ஒரு ஆளுக்கும் சொந்தமில்லாத தேவைகள்: வேகம், பாதுகாப்பு, தரவு எவ்வளவு காலம் இருக்கும், கணக்கு யார் அழிப்பார். இவற்றுக்குத் தனியாக ஒரு பக்கம் வையுங்கள். எல்லா ஸ்டோரிக்கும் பொதுவான கட்டுப்பாடு என்று அதை ஒட்டிவிடுங்கள்.

விதி அட்டவணை

வன்னியில் வேலை செய்யும் சிறு குழு ஒன்று ஒரே ஒரு பழக்கத்தைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதைத்தான் எடுக்க வேண்டும். மென்பொருளாளர் டான் நோர்த் 2000களின் நடுவில் முன்வைத்த முறையில், ஒவ்வொரு விதியும் மூன்று துண்டாக எழுதப்படும்: தொடக்க நிலை, நடந்த செயல், கிடைக்க வேண்டிய விளைவு. அதிலிருந்து வந்த கெர்கின் என்ற எழுத்து முறையைக் குக்கம்பர் போன்ற கருவிகள் படித்து, தானியங்கிச் சோதனையாக ஓட்டும்.

கெர்கின் தமிழையும் ஏற்கும். கோப்பின் முதல் வரியில் மொழிக் குறியீட்டைத் தமிழுக்கு மாற்றினால் 'அம்சம்', 'காட்சி', 'கொடுக்கப்பட்ட', 'எப்போது', 'அப்பொழுது', 'மேலும்', 'ஆனால்' என்ற சொற்களால் வரிகளைத் தொடங்கலாம். ஆனால் நம் வாக்கியத்தில் 'போது' கடைசியில் வரும், கருவிக்கோ முதலில் வேண்டும். 'எப்போது கமக்காரர் நாளைத் தெரிகிறார்' என்று எழுதினால் அது கேள்வியாகப் படிக்கப்படும். அந்தச் சொற்களுக்குப் பதில் உடுக்குறியும் ஒரு இடைவெளியும் போட்டு வரியைத் தொடங்கக் கருவி அனுமதிக்கிறது, அதைப் பாவித்தால் வாக்கியம் இயல்பாக இருக்கும். தானியங்கிச் சோதனை எழுத ஆள் இல்லாத குழு கருவியையே விட்டுவிட்டு, கூகுள் ஷீட்டில் மூன்று நெடுவரிசை போட்டு எழுதலாம். பயனில் பெரும்பகுதி எழுதும்போதே கிடைத்துவிடுகிறது.

எப்படி என்று பாருங்கள்.

விதி 7. நிலை: மெசின் உரிமையாளர் ஒரு நாளைக்கு 12 ஏக்கர் வரை ஏற்பதாகப் பதிந்துள்ளார், அன்றைக்கு 10½ ஏக்கர் ஏற்கெனவே உறுதியாகிவிட்டது. செயல்: 2 ஏக்கர் வயலுக்கு ஒருவர் அதே நாளைக் கேட்கிறார். விளைவு: பதிவு உறுதியாகாது, காத்திருப்புப் பட்டியலில் சேரும், இடமுள்ள அடுத்த நாளைத் திரை காட்டும். செயலி தானாக வயலை இரண்டு நாளுக்குப் பிரிக்காது.

விதி 11. நிலை: நாளைக்கு ஆறு வயல்கள் உறுதியாகியுள்ளன. செயல்: ஓட்டுபவர் மாலை 5 மணிக்கு 'மழை, நாளை இறங்க முடியாது' என்று குறிக்கிறார். விளைவு: ஆறு வயல்களும் அதே வரிசையில் மறுநாளுக்குப் போகும், மறுநாள் ஏற்கெனவே உறுதியானவர்கள் அவர்களுக்குப் பின்னால் நகர்வர், நாள் மாறிய ஒவ்வொருவருக்கும் குறுஞ்செய்தி போகும்.

விதி 11ஐ எழுதி முடித்தவுடன் ஒரு கேள்வி எழும்: மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்தால் நான்காம் நாளுக்குப் பதிந்தவர் எவ்வளவு தூரம் தள்ளப்படுவார்? அவருடைய நெல் உதிரத் தொடங்கிவிடுமே? அப்படியானால் வரிசையை முடிவுசெய்வது பதிந்த நாளா, பயிர் விளைந்த நாளா? இதைப் புரொடக்ட் மனேஜர் தானாக முடிவுசெய்யக்கூடாது. கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் கேட்க வேண்டும். நாற்பது பக்க ஆவணத்தில் 'மழைக்காலத்தில் வரிசை உரிய முறையில் மாற்றியமைக்கப்படும்' என்று ஒரு வரியில் இது மறைந்திருக்கும், மாசி மழையில் வயல்கரையில் நின்று சண்டைபிடிக்கும்போதுதான் வெளிவரும்.

அதுபோல இன்னொன்று. ஒரே இடத்துக்கு இருவர் கேட்கிறார்கள். ஒருவர் இணைப்பு இல்லாத இடத்தில் நின்று காலை 8.00க்கு அழுத்தினார், அது 8.40க்குச் சேவையகத்துக்கு (பதிவுகள் வந்து சேரும் மையக் கணினிக்கு) வந்தது. மற்றவர் 8.20க்கு அழுத்தினார், உடனே வந்துவிட்டது. யாருக்கு இடம்? ஃபோனின் கடிகாரத்தை யாரும் மாற்றலாம் என்பதால் சேவையகத்துக்கு வந்த நேரத்தை வைப்பதே பாதுகாப்பு. ஆனால் அப்படி முடிவெடுத்தால் முதலாமவரின் திரையில் 8.00க்கு 'பதிவாகிவிட்டது' என்று காட்டக்கூடாது, 'அனுப்பக் காத்திருக்கிறது' என்றே காட்ட வேண்டும். ஒரு விதியின் முடிவு இன்னொரு திரையின் சொல்லை மாற்றுகிறது. இந்தத் தொடர்பை அட்டவணையில் கண்ணால் பார்க்கலாம், சிதறிய ஸ்டோரிகளில் பார்க்க முடியாது.

எல்லாவற்றுக்கும் அட்டவணை எழுதப் புறப்பட்டால் நூறு வரி வரும், பிறகு ஒருவரும் திருத்தமாட்டார்கள். காசு, வரிசை, ரத்து, அனுமதி ஆகிய நான்கையும் தொடும் விதிகளை மட்டும் எழுதுங்கள். இந்தச் செயலிக்குப் பத்திலிருந்து பதினைந்து வரை வரும்.

அறிவிப்பும் கேள்வி பதிலும்

அமேசன் கொம்பனியால் பரவலான முறை இது. பொருள் வெளிவந்த நாளில் பத்திரிகைக்குப் போகும் அறிவிப்பை வேலை தொடங்கும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதுவது, அதன் பின்னால் வாடிக்கையாளரும் உள்ளே இருப்பவர்களும் கேட்கக்கூடிய கேள்விகளுக்குப் பதில் எழுதுவது. இதைச் செய்யலாமா வேண்டாமா என்ற முடிவுக்கு இது பொருந்தும். எப்படிச் செய்வது என்பதற்கு உதவாது.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு நல்ல உபயோகம் உண்டு. அந்த ஒரு பக்கத்தைக் கமநல சேவை நிலையத்தில் கூட்டம் முடிந்த பிறகு வாசித்துக் காட்டலாம், அதற்குச் செயலி தேவையில்லை. அறிவிப்புப் பகுதிக்குத் தலையாட்டுவார்கள், அதை நம்ப வேண்டாம். அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். 'மெசின் வராட்டில் முற்பணத்தை ஆர் தாறது?' என்ற கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் செயலியைத் தொடங்க வேண்டாம். முற்பணம் வாங்குவதையாவது முதற் பதிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

குறுமுன்மொழிவு

பேஸ்கேம்ப் கொம்பனி 2019இல் வெளியிட்ட ஷேப் அப் முறையில் தேவை இரண்டு மூன்று பக்கத்தில் ஐந்து பகுதியாக வருகிறது: சிக்கல், அதற்கு எவ்வளவு காலம் செலவழிக்கத் தயார், தீர்வின் கோட்டுருவம், சிக்கிக்கொள்ளக்கூடிய இடங்கள், செய்யப்போவதில்லை என்று விட்டவை. வழக்கமான முறையில் வேலையைச் சொல்லிவிட்டு எவ்வளவு காலம் என்று கேட்போம். இங்கே காலத்தை முதலில் வைத்து, அதற்குள் அடங்குமாறு வேலையை வெட்டுகிறோம். அவர்கள் வைத்த காலம் ஆறு வாரம், பிறகு இரண்டு வாரம் ஓய்வும் திருத்தமும்.

வயலோடு சம்பந்தப்பட்ட எந்தப் பொருளுக்கும் இது நன்றாகப் பொருந்துகிறது, காரணம் போகம் யாருக்காகவும் தள்ளாது. மாசியைத் தவறவிட்டால் அடுத்த அறுவடை ஆவணிப் பக்கம், அதுவும் குளத்தில் நீர் இருந்து சிறுபோகம் செய்தால்தான். ஐப்பசி நடுவில் விதைத்த மூன்றரை மாத நெல் தை கடைசியில் வெட்டுக்கு வரும், இடையில் ஏறக்குறைய 14 வாரம். அதில் ஆறு வாரம் கட்டுவதற்கு, இரண்டு வாரம் திருத்த, இரண்டு வாரம் ஓட்டுபவர்களுக்கும் கமக்காரர் அமைப்புச் செயலாளர்களுக்கும் பழக்க. மிச்ச நான்கு வாரத்தில் முன்மொழிவு எழுதி முடித்திருக்க வேண்டும், கார்த்திகை மார்கழி மழையில் மின்சாரமும் இணைப்பும் போகும் நாள்களும் அதற்குள்தான்.

'செய்யப்போவதில்லை' என்ற பகுதியை வெட்கப்படாமல் எழுதுங்கள். முதற் பதிப்பில் இணையப் பணம் இல்லை, வரைபடம் இல்லை, மெசினுக்கு மதிப்பெண் போடுவது இல்லை, சிறுபோகம் இல்லை. இந்த நாலு வரி, பின்னர் வரும் பல வாட்ஸ்அப் குரல் செய்திகளுக்கு முன்கூட்டிய பதில்.

இந்த வடிவத்தின் பலவீனம், மூத்த டெவலப்பர் ஒருவரை அது நம்பியிருக்கிறது. கோட்டுருவத்திலிருந்து மிச்சத்தைத் தானே தீர்மானிக்கக்கூடிய ஒருவர் குழுவில் இல்லாவிட்டால், படித்து முடித்து வந்த புதியவர்களிடம் இதை மட்டும் கொடுப்பது அநியாயம். அவர்களுக்கு விதி அட்டவணையும் வேண்டும்.

மாதிரித் திரை

ஃபிக்மா என்ற திரை வரையும் கருவியில் வரைந்தோ கடதாசியில் வரைந்தோ பயனர் கையில் கொடுப்பது. வாசிக்கப் பழக்கமில்லாத ஆவணத்தை விட, திரையைப் பார்த்துக் கமக்காரர் சொல்லும் கருத்து பல மடங்கு கூர்மையானது. கடதாசியில் தொடங்குவது நல்லது. ஃபிக்மாவில் அழகாக வரைந்ததைப் பார்த்தால் வேலை முடிந்துவிட்டது என்றே வேலை கொடுத்தவர் நினைப்பார், அடுத்த கிழமை தரச்சொல்லிக் கேட்பார்.

திரையை ஆங்கிலச் சொற்களோடு வரைந்துவிட்டுப் பின்னர் தமிழ் போடலாம் என்று விடாதீர்கள். பொத்தானில் நாலெழுத்து இருந்த இடத்தில் 'உறுதிப்படுத்துக' வந்து நிற்கும், சிறிய திரையில் இரண்டு வரியாக உடையும். தமிழுக்கு வரி உயரமும் கூட வேண்டும். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பட்டியல்கள் அமைப்புகளிடம் நிறைய உண்டு. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் வேலையைத் தேவையாக எழுதாவிட்டால் பெயர்ப்பட்டியலைத் திரையில் ஏற்றும் நாளில்தான் அது தெரியவரும்.

மாதிரித் திரை நல்வழியை மட்டுமே காட்டும். எல்லாம் சரியாக நடந்தால் எப்படி இருக்கும் என்பது தெரியும், இடம் இல்லாவிட்டால், இணைப்பு போனால், ஓட்டுபவர் வராவிட்டால் என்ன என்பது தெரியாது. ஒவ்வொரு திரைக்கும் வெறுமையான நிலை, பிழை நிலை, காத்திருக்கும் நிலை மூன்றையும் வரையச் சொல்லுங்கள்.

எந்த வடிவத்திலும் தப்பிப்போகும் சில

சில விவரங்கள் எந்த வார்ப்புருவிலும் கட்டமாக இருக்காது, ஏனெனில் வார்ப்புருவை எழுதியவர் இங்கே இருந்ததில்லை.

குறுஞ்செய்தியை ஆங்கிலத்தில் அனுப்பினால் ஒன்றில் 160 எழுத்து. தமிழில் 70 இடம்தான், தாண்டினால் ஒவ்வொரு துண்டுக்கும் 67. அதுவும் நாம் எண்ணும் எழுத்தல்ல, புள்ளியும் உயிர்க்குறியும் தனி இடம் பிடிக்கும். கிளிநொச்சி நமக்கு ஐந்தெழுத்து, குறுஞ்செய்தியில் பத்து இடம். முல்லைத்தீவு ஆறெழுத்து, பன்னிரண்டு இடம். வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி, நன்றி சொல்லி எழுதிய செய்தி மூன்று துண்டாகும், செலவும் மூன்று மடங்கு. ஆகவே 'உறுதிச் செய்தி அனுப்பப்படும்' என்று எழுதாமல், செய்தியின் வாசகத்தையே தேவையில் எழுதி, இடத்தை எண்ணிப் பக்கத்தில் போடுங்கள்.

அடையாள அட்டை இலக்கம் இரண்டு வடிவில் உண்டு: பழையது 9 இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும், 2016 முதல் வந்த புதியது 12 இலக்கம். ஒரே ஆள் இரண்டு இலக்கத்திலும் பதிந்தால் இருவராக நிற்பார். பழையதன் எழுத்தை நீக்கி, முன்னால் 19 சேர்த்து, பழைய ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியத்தைப் போட்டால் புதிய வடிவம் வரும். எது வந்தாலும் 12 இலக்கமாக மாற்றிச் சேமி என்று எழுதுங்கள்.

காணி அளவில் இன்னும் பெரிய பிழை நடக்கும். ஓர் ஏக்கர் 4 றூட், 160 பேர்ச். '2 ஏக்கர் 2 றூட்' என்பது 2.5 ஏக்கர். ஒரே கட்டத்தைக் கொடுத்தால் பலர் 2.2 என்று அடிப்பார்கள், ஏக்கர்க் கூலியில் அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு ஏக்கர் காசு. ஏக்கருக்கும் றூட்டுக்கும் பேர்ச்சுக்கும் தனித்தனிக் கட்டம் வைத்து, உள்ளே பேர்ச்சாக முழு எண்ணில் சேமிப்பதே சரி.

ஒரே ஃபோன் இலக்கத்தில் ஒரு குடும்பத்தின் மூன்று வயல்கள் பதியப்படலாம். ஃபோன் இலக்கத்தை ஆளின் அடையாளமாக வைத்த தரவுத்தளம் அங்கே உடைந்துவிடும்.

எதைத் தெரிவது

நாலைந்து பேர் குழு, வேலை கொடுப்பவர் உள்ளூர்க் கமக்காரர் அமைப்பு, காலம் ஒரு போகம் என்றால்: இரண்டு பக்க முன்மொழிவு, கடதாசித் திரைகள், பதினைந்துக்கு மேற்படாத விதி அட்டவணை. முன்மொழிவுக்கு இரண்டு நாள், திரைகளோடு ஊருக்குப் போய்வர இரண்டு நாள், அட்டவணைக்கு மூன்று நாள் ஒதுக்குங்கள். ஸ்டோரிகளை வாரத்துக்கு வாரம் வேலை பிரிப்பதற்கு மட்டும் பாவியுங்கள், விதிகளை அவற்றுக்குள் வைக்காதீர்கள்.

வேலை கொடுப்பவர் வெளிநாட்டில் இருந்து நிலையான விலை பேசினால் முழு ஆவணம்தான். எழுத எடுக்கும் நாள்களையும் விலைக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளும் விதிகளை வசனமாக எழுதாமல் அட்டவணையாகவே இணைப்பில் வைக்கலாம், ஒப்பமிடும்போது அந்த இணைப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும்.

என்ன செய்வது என்றே தெளிவில்லை, யாரோ நிதி தருகிறார்கள் என்பதற்காகத் தொடங்குகிற வேலை என்றால் அறிவிப்பும் கேள்வி பதிலும் மட்டும் எழுதிக் கூட்டத்தில் வாசியுங்கள். மற்ற வடிவங்களுக்கு அப்போது நேரம் செலவழிப்பது வீண்.

இருக்கும் செயலியில் சிறு மாற்றம் என்றால் ஒரு ஸ்டோரியும் இரண்டு மூன்று விதி வரிகளும் போதும். ஒரு பொத்தானின் சொல்லை மாற்ற ஆவணம் எழுதச் சொல்கிற குழுவில் கொஞ்ச நாளில் எதற்குமே ஆவணம் எழுதப்படாது.

எந்த மொழியில், எந்த வாக்கியத்தில்

விதியையும் திரைச் சொற்களையும் தமிழில் எழுதுங்கள், தொழில்நுட்ப வேலைக் குறிப்பை டெவலப்பருக்கு வசதியான மொழியில் எழுதலாம். கூட்டத்தில் தமிழில் கதைத்ததை ஆங்கிலத்தில் எழுதி, அதைப் பார்த்து நிரலாக்கி, திரையில் மறுபடி தமிழாக்கினால், கமக்காரர் சொன்னது இரண்டு தடவை மாறிவிடும். சரிபார்க்க அவரிடமே கொடுக்கவும் முடியாது.

தமிழில் எழுதும்போது நாம் செய்யும் பிழை, செய்பவரை விட்டுவிடுவது. 'பதிவு ரத்துச் செய்யப்பட்டால் தகவல் அனுப்பப்படும்.' யார் ரத்துச் செய்தார், யார் அனுப்புகிறார், யாருக்கு? 'மெசின் உரிமையாளர் பதிவை ரத்துச் செய்தால், செயலி கமக்காரருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும்' என்று எழுதினால் மூன்று கேள்விக்கும் பதில் உண்டு. 'கமக்காரர் ரத்துச் செய்யலாம்' என்பதில் அனுமதி இருக்கிறது, எதுவரை என்பது இல்லை: முதல் நாள் மாலை 4 மணி வரையா, மெசின் வயலில் இறங்கும் வரையா? 'உடனடியாக', 'உரிய', 'தேவையெனில்', 'போன்றவை' என்ற நான்கையும் எழுதி முடித்த பின் தேடிப்பார்த்து, ஒவ்வொன்றின் இடத்திலும் ஓர் எண்ணையோ ஒரு பட்டியலையோ வையுங்கள்.

ஒப்புக்கொண்ட பிறகு வரும் மாற்றங்கள் குரல் செய்தியாகத்தான் வரும், அதைத் தடுக்க முடியாது. வந்த அன்றே அட்டவணையில் ஒரு வரி சேருங்கள்: நாள், கேட்டவரின் பொறுப்பு, எந்த விதி எண், பழைய விளைவு, புதிய விளைவு, இதற்காக இந்தப் போகத்திலிருந்து வெளியேறுவது எது. அந்தக் கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் மாற்றத்தை டெவலப்பரிடம் கொடுக்க வேண்டாம். வரியைப் படமெடுத்து அதே வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கேட்டவர் 'சரி' என்று எழுதிய பிறகே வேலை தொடங்கட்டும்.